கழுவாத பாட்டில்

பழைய கறுப்புக் கண்ணாடிப் பாட்டில் எங்கே கிடைக்கும் என்று தையல்காரரிடம் கேட்டால், ஊசியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார். இடிந்த வீட்டின் கக்கூஸ் குழிதான் முதல் இடம். திருட்டுத்தனமாகக் குடித்தவர்கள் காலிப் பாட்டிலை வேறு எங்கே போடுவார்களாம்? அதற்கு அடுத்தது தூர்ந்த கிணறு, ஆற்றுச் சேறு. கறுப்பு என்பது பேருக்குத்தான். வெயிலில் தூக்கிப் பிடித்தால் கரும்பச்சை தெரியும்.

பழைய பாட்டில் சேர்க்கும் பைத்தியத்தில் அவரோடு தோண்டுகிறவர்கள் இரண்டே பேர்: ஒரு பல் டாக்டர், குழாய் ரிப்பேர் செய்யும் மச்சினன். மூவருக்கும் ஒரே சட்டம். எடுத்த பாட்டிலைக் கழுவாமல் மண்ணோடு காட்ட வேண்டும். கழுவியது என்றால் கடையில் வாங்கியது. வாங்கியதைத் தோண்டியதாகச் சொல்லி மாட்டிக்கொண்டால், அன்றோடு கூட்டத்தை விட்டு நீக்கம்.

தையல்காரருக்கு நாலு மாதமாக ஒரு கண்ணாடிச் சில்லுகூட அகப்படவில்லை. "மாமா, உங்களுக்குச் சட்டை பட்டன்தான் ராசி" என்று மச்சினன் வேறு வாரிக்கொண்டே இருந்தான். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. பழைய சாமான் கடையில், பளபளவென்று கழுவி வைத்திருந்த குண்டுப் பாட்டில் ஒன்றை வாங்கி, துணிக்கட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார்.

மண்ணுக்கு எங்கே போவது? மாடியில் மனைவியின் தொட்டிகள் இருந்தன. அருமையான கரிய மண். ஒரு தொட்டியில் பாதியை அள்ளிப் பாட்டிலின் வாய்வரை திணித்து, வெளியிலும் பூசினார். காய்ந்து உதிர்ந்தால் குட்டு உடைந்துவிடுமே! ஈரத்துணியைச் சுற்றிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தார். பெற்ற பிள்ளையைக்கூட அந்த மனுஷர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை.

"என்னங்க, ரெண்டு தொட்டில பாதி மண்ணைக் காணோம். நீங்க எடுத்தீங்களா?" என்று மறுநாள் மனைவி கேட்டாள்.

"நானா? பூனை ஏதாவது கிளறியிருக்கும்."

இரண்டா, ஒன்றுதானே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தையல் மேஜையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் தன் பையை மடியில் வைத்திருந்தார். மச்சினன் கையிலும் ஒரு பாட்டில். வாயைக் கட்டைவிரலால் மூடியிருந்தான். "ஆத்துச் சேறு மாமா, விட்டா ஒழுகிடும்" என்றான்.

தையல்காரர் முந்திக்கொண்டு ஈரத்துணியைப் பிரித்தார். "கக்கூஸ் குழியில எடுத்தது. இருநூறு வருஷத்து மண்ணு, டாக்டர்!"

டாக்டர் டார்ச் அடித்து, பல் குத்திப் பார்க்கும் கம்பியால் பாட்டில் வாயில் எதையோ மெல்ல நிமிர்த்தினார். வெளிறிய ஒரு தண்டு, தலையில் விதைத்தோலோடு எழுந்து நின்றது.

"அப்ப இது என்னங்க?"

தண்ணீர்ச் செம்போடு வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "அது என் தக்காளி. போன வாரம் விதை போட்டேன்."

தையல்காரருக்கு மானமே போய்விட்டது. மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. மச்சினனோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

மனைவி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "பூனை ஒரு தொட்டிக்குக் கணக்கு சொல்லிடுச்சு. தம்பி, விரலை எடு."

"அக்கா, சேறு கொட்டிடும்..."

"எடுடா!"

எடுத்தான். அங்கே இரண்டு முளைத்திருந்தன.

தையல்காரருக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் சட்டம் சட்டம்தானே? இருவரும் டாக்டரின் வாயையே பார்த்தார்கள். அவர் அவசரமாக டார்ச்சை அணைத்தார்.

"விடுங்க, விடுங்க. ஒரு தடவை மன்னிச்சிடலாம். மனுஷன்னா சபலம் இருக்கத்தான் செய்யும்."

இவ்வளவு தாராளம் அவரிடம் யாரும் கண்டதில்லை. மனைவிக்கு இடித்தது.

"உங்க பாட்டிலைக் காட்டலையே டாக்டர்?"

பையை மார்போடு அணைத்துக்கொண்டு டாக்டர் எழுந்தார். அவருடைய ஆஸ்பத்திரி வாசலிலும் வரிசையாகத் தொட்டிகள் உண்டு.

"அடுத்த வாரம் காட்டறேன்மா. இன்னும் முளை... மண்ணு சரியா காயல."