பத்தாயிரத்து ஏழு

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டு வந்த மறுநாள் மாலை, அவர் நோட்டைக் கொண்டுவந்து மனைவியின் தையல் மெஷின் மேல் வைத்தார். இன்னும் ஒரே ஒரு வகுத்தல்தான் பாக்கி, இடது கையால் எழுதினால் இலக்கங்கள் வரிசை தப்புகின்றன என்றார். ஒருமுறை வீசியெறிந்ததைத் தவிர அவள் அந்த நோட்டைத் தொட்டதில்லை.

மகள் காய்ச்சலில் படுத்தபோது அவளுக்கு ஒன்பது வயது. ஆஸ்பத்திரியில் அவள் கையில் கட்டியிருந்த பட்டையில் 100160063 என்று எண் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பகா எண் பாடம் நடந்துகொண்டிருந்த சமயம். மூன்று, ஐந்து, ஏழு என்று காய்ச்சலோடு வகுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது எதுலயுமே வகுபடாதா?" என்று கேட்டாள். பெரிய எண், பொறுமையாகப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். மூன்றாம் நாள் கேட்டுக்கொள்ள அவள் இல்லை.

அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை அவருக்கு. வேலை முடிந்து வந்ததும் அடுத்த பகா எண்ணால் அந்தப் பட்டை எண்ணை வகுப்பார். ஒரு நாளைக்கு ஒன்று. மீதி வரும். குறித்துவைத்துவிட்டு முகம் கழுவப் போவார். மூன்று வருடத்துக்கு மேல் இப்படியே போயிற்று. போனில் போட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடுமே என்று கூட வேலை செய்கிறவர் சொன்னதற்கு, "அவ போனைக் கேக்கல, என்னைத்தான் கேட்டா" என்றாராம். பிள்ளைக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன் கணக்குப் போடுகிறாரே என்று மனைவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பத்தாயிரத்து ஏழுதான் கடைசி, அடுத்த பகா எண்ணை அதாலேயே பெருக்கினால் இந்த எண்ணைத் தாண்டிவிடும், அதற்கு மேல் பார்க்க வேண்டியதில்லை என்றார். இதிலும் மீதி வந்தால் அது பகா எண். நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'பகா எண்' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருப்பதை அவள் பார்த்தாள்.

வகுத்தாள். தொண்ணூறாயிரத்து அறுபத்து மூன்றுக்குக் கீழே அதே தொண்ணூறாயிரத்து அறுபத்து மூன்று வந்து நின்றது. பென்சிலைத் தாளிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஓர் இலக்கத்தை மாற்றிப் போட்டால் போதும், மீதி வந்துவிடும். அவர் நோட்டைப் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீதி எவ்வளவு?"

"மீதி இல்லீங்க."

பெருக்கிப் பார்க்கச் சொன்னார். பத்தாயிரத்து ஏழு, பத்தாயிரத்து ஒன்பது. சரியாகவே வந்தது. இரண்டு எண்களையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தார்.

"வகுபடுதுடா குட்டி," என்றார் தாழ்ந்த குரலில்.

பிறகு அவர் தோள்கள் குலுங்கத் தொடங்கின. கட்டுப் போட்ட கையால் முகத்தைத் துடைக்கத் தெரியாமல் தடுமாறினார். மெஷினில் கிடந்த வெட்டுத் துணியை எடுத்து அவள் துடைத்துவிட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு மாடியில் ஒருத்தி காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். வெறுங்கொடி மட்டும் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.