அலமாரியின் ராத்திரி

எங்கள் வீட்டு அலமாரிக்கு ராத்திரி காலை ஏழு மணிக்குத் தொடங்கும். மாலை ஏழுக்குத்தான் உள்ளே விளக்கு எரியும். எங்கள் கூட்டெனி மலைப்பக்கத்தில் குளிர் சுலபத்தில் விடாது. விளக்கின் சூடு இரவில் படுக்கையறைக்கும் ஆகட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன். முன்பு துடைப்பம் வைத்த அலமாரி. உள்ளே ஒரு பிடி மண் கிடையாது. இரண்டு வாளியில் உரம் கலந்த தண்ணீர், அதில் குமிழி விட ஒரு குட்டி மோட்டார், இரண்டு கஞ்சாச் செடி. நாலு வரைக்கும் சட்டமே விடுகிறது. எனக்கு இரண்டு போதும்.

மர ஆலையில் முதுகு நொறுங்கிய பிறகு மூன்று வருடம் டாக்டர் தந்த மாத்திரையில் கிடந்தேன். என் மகள் கல்யாணம் எனக்கு ஞாபகமில்லை. போட்டோவில் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், அவ்வளவுதான். அதிலிருந்து என்னை இழுத்து வெளியே போட்டது இந்தச் செடி.

பூ விட்ட செடிக்குப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும். நடுவில் வெளிச்சம் பட்டால் மிரண்டுவிடும். பெண் செடியிலேயே ஆண் பூ முளைத்து, பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய பூவெல்லாம் விதையாகிவிடும். அதனால் கதவு இடுக்கெல்லாம் கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன்.

பூ விட்ட ஏழாவது வாரம், திங்கள் மாலை, கதவைத் திறந்தால் பூவுக்குள் மஞ்சளாக, குட்டி வாழைப்பழம் போல ஆண் பூ நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றல்ல, கொத்துக் கொத்தாக. விளக்கின் கடிகாரத்தைப் பார்த்தேன், டேப்பைத் தடவினேன். எல்லாம் சரி. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

செவ்வாய் காலை முதுகுப் பயிற்சிக்கு நீச்சல் குளம் போனேன். ஏதோ ரிப்பேர் என்று பூட்டியிருந்தது. பதினோரு மணிக்கே திரும்பினேன். அடுப்பில் முட்டைக்கோஸ் போர்ஷ்ட் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவன் வால்டர் அலமாரியைத் திறந்து, கையில் போன் டார்ச்சோடு உள்ளே தலையை விட்டிருந்தான்.

"என்ன பண்ற?"

"தண்ணி இருக்கான்னு பார்த்தேன், லூஷா. தினமும் பாக்கறதுதானே."

"தினமுமா?"

"நீ குளத்துக்குப் போனதும். வாளி வத்திப்போச்சுன்னா நீ படற பாட்டை யாரு பாக்கறது?"

"இருட்டுல திறக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்!"

"ராத்திரி திறக்கலையே. பட்டப்பகல்லதானே திறந்தேன்!"

எட்டு வருடமாக அந்த அலமாரியோடு ஒரே வீட்டில் இருக்கிறான். கரண்டியை எடுத்துச் சுவரில் வீசினேன்.

"போச்சு. எல்லாம் விதை. திரும்ப வளர்க்க நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் நான் எப்படித் தூங்குவேன்?"

வால்டர் தன் கருவிப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து என் பழைய மாத்திரைக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தான். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று அவன் என்னிடம் சத்தியம் செய்த குப்பி.

"நாலு மாசம்தானே. அந்த மூணு வருஷமும் வீடு எவ்வளவு அமைதியா இருந்துச்சு. நீ ஒரு சத்தம் போட்டதில்ல."

அன்பாகத்தான் சொன்னான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குப்பியைத் திறந்து, கொதிக்கிற போர்ஷ்ட் பானையில் மொத்தத்தையும் கொட்டினேன்.

"உனக்கு அமைதி வேணும்னா அதைக் குடி," என்றேன். "நான் இன்னும் நாலு மாசம் கத்துவேன்."

முதுகு அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது.