சத்தமில்லாத கம்ப்யூட்டர்

இளவரசன் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் ஒரு கைப்பிடித் தூசி கோதண்டராமனின் வேட்டியில் விழுந்தது. உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இளவரசன் உச்சுக் கொட்டினான்.

"எவங்கண்ணா இத மாட்டுனான்? ரெண்டு ஃபேனையும் நேரா பவர்ல குத்தி வச்சிருக்கான். அதான் எந்நேரமும் ஃபுல் ஸ்பீடுல கத்துது. மதர்போர்டுல குத்திட்டா சூட்டுக்குத் தக்கன அதுவே கம்மி பண்ணிக்கும்."

"சத்தம் போயிடுமா?"

"ஓடுறதே தெரியாதுங்க."

கோதண்டராமன் மனைவியின் கட்டிலைப் பார்த்தார். சரோஜா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் எதிரே கொட்டகை போட்டு ஊர்ப்பட்ட ஜனத்துக்கு மனு அடித்துக் கொடுத்த மனுஷன் அவர். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், வாய்க்கால் தகராறு என்று எவன் வாய் திறந்தாலும் பாதியிலேயே விஷயத்தைப் பிடித்துவிடுவார். சரோஜாவின் வயிற்றில் வந்த கட்டி இனி மருந்துக்கு அடங்காது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு, கம்ப்யூட்டரை வீட்டுக்கே தூக்கிவந்துவிட்டார். ஷீட் போட்ட ஒற்றை அறை. சுவரோரம் கட்டில், அதன் கால்மாட்டில் மேஜை. வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "கம்மியாத்தாங்க கீது." அந்தக் கம்மியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் சோறு தின்றார், தூங்கினார், நாளை ஓட்டினார்.

ஃபேனைப் பற்றிய யோசனை அவருக்கு மின்வெட்டில் வந்தது. தினமும் மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போகும். போனதும் சரோஜா அடங்கிவிடுவாள். புரள மாட்டாள், காலை உதற மாட்டாள், கண்ணை மூடிக் கிடப்பாள். கரண்ட் வந்து அந்தப் பெட்டி இரைய ஆரம்பித்ததும் மறுபடியும் கட்டில் கிறீச்சிடும். பாவி மிஷின் இவள் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று அவர் முடிவு கட்டியதில் என்ன ஆச்சரியம்? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இளவரசன் ஃபேன் ஒயர்களிலிருந்து இரண்டு வெள்ளைச் சொருகிகளைப் பிடுங்கி மேஜையில் போட்டான். மூன்று துளை முனைகளைப் போர்டில் பொருத்தினான். செட்டிங்கில் ஏதோ மாற்றினான். கம்ப்யூட்டர் ஓடியது, சத்தம் மட்டும் இல்லை. ஷீட்டின் மேல் காக்கா நடப்பது கேட்டது.

"இந்தச் சொருகி இனிமே வேணாங்கண்ணா. தூக்கிப் போட்ருங்க" என்று சொல்லி, தகட்டை மூடிவிட்டு இளவரசன் கிளம்பினான்.

கோதண்டராமனுக்கு மனசு நிறைந்துவிட்டது. எத்தனையோ நாளைக்கப்புறம் அவளுக்கென்று ஒரு காரியம் செய்திருக்கிறார். ஒரு பென்ஷன் மனுவைப் பாதி அடித்துவிட்டு, தூங்கிவிட்டாளா என்று திரும்பிப் பார்த்தார்.

சரோஜா விழித்திருந்தாள். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். ஒரு கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"சரோஜா, வலிக்குதாம்மா?"

அவள் துணியை எடுத்தாள். "இல்லீங்க. மிஷின் ஓடலியா?"

"ஓடுதே. சத்தமில்லாம பண்ணிட்டுப் போயிருக்கான்."

"இனிமே இப்டிதானா?" என்றாள். அந்தக் குரலில் பயம் இருந்தது. பதிலுக்குக் காத்திராமல் துணியை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.

இத்தனை மாதமும் அந்த இரைச்சலுக்கு அடியில்தான் அவள் முனகியிருக்கிறாள். கரண்ட் போனால் வாயை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். ஊரார் குறையை எல்லாம் எழுதித் தள்ளிய மடையன் அதைத் தூக்கம் என்று நம்பியிருக்கிறான். அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

கம்ப்யூட்டரை நிறுத்தினார். தகட்டைக் கழற்றினார். போர்டிலிருந்து முனைகளை உருவி, வெள்ளைச் சொருகிகளைத் தேடி எடுத்து, இளவரசன் கழற்றியதைத் தலைகீழாகச் செய்தார். இரண்டு தரம் சொருகி தவறியது.

"இன்னாங்க பண்றீங்க?"

"சூடாவுதும்மா. பழைய மாதிரியே இருக்கட்டும்."

ஃபேன்கள் கத்தத் தொடங்கின. தகட்டை மூடாமலேயே அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கைக்கு வந்ததை எல்லாம் அடித்தார். மனு எப்போதோ முடிந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கட்டில் கிறீச்சிட்டது. அப்புறம் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து மெல்லிசாக ஒரு முனகல் வந்தது. நேற்றுவரை காதில் விழாதது இப்போது தெளிவாக விழுந்தது. அவர் திரும்பவில்லை. திரும்பினால் நிறுத்திவிடுவாள்.

சுவர்க் கடிகாரம் இரண்டைத் தொட்டது. திரை அணைந்தது. பின்னால் பாதி எழுந்த முனகல் பாதியிலேயே நின்றது.

"தூங்குறியா?" என்றார், திரும்பாமல்.

"தூங்குறேங்க."

திறந்து கிடந்த பெட்டிக்குள் ஃபேனின் இறக்கைகள் வேகம் குறைந்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தன.