வளர்த்தி விடாத ஸ்வெட்டர்

1

இந்தக் கதை ஒரு ஸ்வெட்டரிலிருந்து பிறந்தது. அது இப்போது என் மேசையில், நான் எழுதும் தாளுக்குப் பக்கத்தில், கைகளை மடக்கிக்கொண்டு கிடக்கிறது. நீலக் கம்பளி, நாலு மரப் பொத்தான். ஏழு வயதுப் பிள்ளைக்கானது.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தாள் தாளாகக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

"கண்காட்சி அன்று வானம் வெளுத்து…" (வேண்டாம். நான் வானத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எதற்கோ பயப்படுகிறேன் என்று அர்த்தம்.)

"என் பெரியம்மாவுக்குக் கண்தான் அளவுநாடா." இது இருக்கட்டும். பெரியம்மா, என் அம்மாவின் அக்கா, ஸ்வெட்டர் பின்னுகிறவர். யாரையும் நிற்க வைத்து அளந்ததில்லை. போகிற போக்கில் ஒரு பார்வை, அவ்வளவுதான். பெரியவர்களுக்கு உடம்போடு ஒட்டினாற்போல் கச்சிதமாக இருக்கும். பிள்ளைகளுக்கு மட்டும் கை விரல்நுனி தாண்டித் தொங்கும். அந்த மிச்சத்துக்கு எங்கள் வீட்டில் 'வளர்த்தி' என்று பெயர். "வளர்த்தி விட்டிருக்கேன்டி, அடுத்த வருஷமும் போடலாம்" என்பார். சின்ன வயதில் நாங்கள் எல்லாரும் கையை மடித்து மடித்து விட்டுக்கொண்டுதான் அலைந்தோம்.

2

கைவினைக் கண்காட்சியில் பெரியம்மாவுக்கு ஒரு மேசை கிடைத்ததும் குடும்பமே கிளம்பிவிட்டது. நான், என் வீட்டுக்காரர், எங்கள் மகள். மகளைக் கூப்பிடுவது வாலு என்று. காரணம் சொல்லத் தேவையில்லை. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எதைப் பார்த்தாலும் பொருந்துகிறதா, ஆடுகிறதா என்றுதான் பார்ப்பார். போனவுடன் பெரியம்மாவின் மேசைக்காலுக்கு அட்டை மடித்துக் கொடுத்தார்.

வாலு மேசைக்கு அடியில் புகுந்து, பெட்டியின் அடியாழத்திலிருந்து நீல ஸ்வெட்டரை உருவினாள். "இது எனக்குத்தானே!" என்று யாரும் பதில் சொல்வதற்குள் மாட்டிக்கொண்டாள்.

கை மணிக்கட்டில் வந்து நின்றது. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அட, முதல் தடவையா பிள்ளைக்கு அளவு சரியா வந்திருக்கு, பெரியம்மா! இப்பதான் தொழில் பிடிபட்டிருக்கு போல" என்று வீட்டுக்காரர் சிரித்தார். பெரியம்மா சிரிக்கவில்லை.

[அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். கீழே போட்டால் யாரும் படிப்பதில்லை. எனக்கு ஒரு தம்பி இருந்தான். ஒரு வருடம் அவனுடைய ஸ்வெட்டரில் மட்டும் வளர்த்தி இல்லை. அம்மா பூரித்துப்போய் இதையேதான் சொன்னாள்: "இந்தத் தடவதான்க்கா அளவு சரியா வந்திருக்கு." அதே குளிரில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்த ஸ்வெட்டர் அவனுக்குக் கடைசி வரை சரியாகவே இருந்தது.]

3

இங்கே எனக்குப் பெரியம்மாமேல் சந்தேகம் வருகிறது. அவர்மேல் அல்ல, நான் எழுதும் பெரியம்மாமேல். கொஞ்சம் விட்டால் சூனியக்காரியாக்கிவிடுவேன். உண்மையில் அவர் யாருக்கும் தெரியாமல் சர்க்கரை டப்பாவில் கைவிடுகிறவர். டிவி முன்னால் குறட்டை விட்டுக்கொண்டே "பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்பவர். இதையெல்லாம் மறக்காமல் அடுத்த பேச்சைப் படியுங்கள்.

வாலுவை அவள் அப்பாவோடு ராட்டினத்துக்கு அனுப்பிவிட்டு, ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"வளர்த்தி எங்க பெரியம்மா?"

"விட்டேன்டி."

"எங்க விட்டீங்க? காட்டுங்க."

"பிரிச்சுப் பிரிச்சுப் பின்னினேன். இன்னும் நாலு வரிசை போடுன்னு மனசு சொல்லுது, கை அங்கயே வந்து நின்னுடுது. உன் தம்பிக்கும் இப்படித்தான் நின்னுச்சு. அப்ப எனக்குத் தெரியலடி."

"தெரிஞ்சப்புறம் இத ஏன் வச்சிருக்கீங்க? எரிக்க வேண்டியதுதானே?"

"பிள்ளைக்குன்னு பின்னினத எரிக்கறதா? வாயக் கழுவு." குரலைத் தாழ்த்தினார். "வித்துடலாம்னுதான் கொண்டாந்தேன். கை மாறிப் போச்சுன்னா…"

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. எனக்காகத்தான் முடிக்காமல் விட்டார் என்று நினைக்கிறேன்.

(நானும் முயன்றேன். பின்னத் தெரியாதவளுக்கு எழுத்துதானே நூல். இரண்டாம் பகுதியில் "கை விரல்நுனி தாண்டித் தொங்கியது" என்றுதான் எழுதினேன், சத்தியமாக. பிரதியெடுத்துவிட்டுப் படித்தால் "மணிக்கட்டில் வந்து நின்றது" என்று இருக்கிறது. என் கையெழுத்துதான்.)

4

அப்போது ஒரு பெண் மேசைக்கு வந்தாள். கூடவே வாலு உயரத்தில் ஒரு பிள்ளை. "இந்த நீலம் நல்லாருக்கே, இவளுக்குப் போட்டுப் பாக்கலாமா?" என்றாள். பெரியம்மா அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

முடிவு ஒன்று: கொடுத்துவிட்டேன். "அவள் பையை வாங்கிக்கொண்டு கூட்டத்தில்" என்பது வரை எழுதினேன். அதற்குள் அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. முன்பல் இல்லை. எழுதியதை அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: ஸ்வெட்டர் வெறும் ஸ்வெட்டர், காய்ச்சல் வெறும் காய்ச்சல். இது வீட்டுக்காரருக்குப் பிடித்த முடிவு. "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்துச்சு. இதுக்குப் போய் ஒரு கதையா?" என்கிறார். சரியாகத்தான் இருக்கும். ஆனால் அவர்தான் வாலுவை வாரா வாரம் கதவு நிலையில் நிறுத்திப் பென்சிலால் கோடு போடுகிறவர். கண்காட்சிக்குப் பிறகு கோடு மேலே ஏறவில்லை. பழைய கோட்டின்மேலேயே போட்டுப் போட்டு அது மட்டும் தடித்திருக்கிறது. "எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் நின்னு நின்னுதான் வளரும்" என்று பென்சிலைக் காதில் செருகிக்கொள்கிறார்.

நடந்தது இதுதான்: "அது வித்துப்போச்சுங்க" என்று சொல்லி ஸ்வெட்டரை என் பைக்குள் திணித்துக்கொண்டேன். அந்தப் பெண் முகம் சுளித்துக்கொண்டு போனாள். நன்றாக இருக்கட்டும்.

5

வாலு கதவைத் தட்டுகிறாள்.

"அம்மா, குளிருது. என் நீல ஸ்வெட்டர குடும்மா."

"வேற போட்டுக்கோடா கண்ணு."

"அதெல்லாம் கை தொங்குது. இதுதான் எனக்குச் சரியா இருக்கு."

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை அலங்காரமாகச் சொல்லத் தெரியவில்லை.

முடிவை வாசகரிடம் விட்டுவிடுவது இந்த மாதிரிக் கதைகளில் ஒரு மரியாதை என்பார்கள். நான் மரியாதைக்காக விடவில்லை. பல்லில்லாத அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டேன், அதனால் கொடுக்க முடியாமல் போயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள். முதல் பத்தியிலேயே நிறத்தையும் பொத்தானையும் வயதையும் நான் சொன்னது வர்ணனைக்காக இல்லை.

நீங்கள் இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். கிட்டத்தட்ட உங்கள் கைக்கு வந்துவிட்டது. வாங்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்கு மனசிலேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், போதும்.

கை எதுவரை வருகிறது?