முன்னுக்குப் போகாத எஞ்சின்

"பின்னுக்குப் போகுதோ?"

"ஓம், பின்னுக்கு வடிவாப் போகுது. முன்னுக்குத்தான் கியர் விழுதில்லை."

"அப்ப பின்னுக்கே போ. ஹக்னி மட்டுக்கும் பின்பக்கமாப் படகோட்டின முதல் தமிழன் எண்டு பேப்பரிலை போடுவினம்."

றஜீனா சிரிக்காமல்தான் சொன்னாள். பூசைக்குப் போட்ட நீலச் சுரிதாருக்கு மேலேயே வேலை ஓவரோலை மாட்டிக்கொண்டு, லீ ஆற்றங்கரைப் பாதையில் கருவிப் பெட்டியோடு நின்றாள். அவள் பஸ் கராஜில் மெக்கானிக். மறைக்கல்வி வகுப்பில் எட்டு வருடம் எனக்குப் பக்கத்துக் கதிரை. படகு எஞ்சின் ஒன்றை அவள் அதுவரை தொட்டதே இல்லை. காலையில் நான் அனுப்பிய செய்திக்கு "பூசை முடிய வாறன்" என்று மட்டும் பதில் போட்டாள். சொன்னபடி வந்துவிட்டாள்.

என்னுடைய படகில் கட்டிலில் இருந்தபடியே கேத்திலை எட்டி எடுக்கலாம், அவ்வளவுதான் அதன் நீளம். தலைமாட்டில் ஒரு தட்டு நிறையப் புத்தகங்கள், ஈரம் குடித்து வீங்கிப்போய் இருக்கின்றன. பின்பக்கம் வெளியே தொங்கும் ஆறு குதிரைவலு எஞ்சின் ஒன்று. நிரந்தரத் துறை இல்லாத படகுகள் பதினாலு நாளுக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும் என்பது இந்த ஆற்றின் சட்டம். அன்று ஞாயிறு, பதினாலாம் நாள். போன மாதம் காய்ச்சலில் கிடந்தபோது ஆற்று நிர்வாகத்திடம் ஒருமுறை தவணை கேட்டு வாங்கியிருந்தேன். இன்னொரு தரம் தரமாட்டார்கள். திங்கள் காலையில் ஒரு பெண் சைக்கிளில் வந்து படகு இலக்கங்களைக் குறித்துக்கொண்டு போவாள். என் இலக்கம் திரும்பவும் அதே இடத்தில் பதிவானால் அடுத்த மாதம் லைசென்ஸ் புதுப்பிப்பது சந்தேகம். லைசென்ஸ் இல்லாவிட்டால் படகும் இல்லை. பிறகு வால்தம்ஸ்டோவில் அம்மாவின் சோபாதான்.

"மூண்டு மாதம். அதுக்குள்ள வந்து கதவைத் தட்டுவாய்," என்று அம்மா சொல்லியிருந்தா. இப்போது ஐந்தாவது மாதம். அந்த ஐந்து மாதத்தில் அம்மா ஒருநாளும் படகைப் பார்க்க வரவில்லை. பஸ்ஸில் இருபது நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போய்ச் சாப்பிடுவேன். மிளகாய்த்தூளும் சரக்குத்தூளும் கட்டித் தருவா. படகைப் பற்றி ஒரு சொல் வராது. பதினாறு வயதில், போருக்குத் தப்பி, மன்னார்ப் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு, முழங்கால்வரை தண்ணீர் ஏறிய படகில் போனவ அவ. அதையும் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீரை விட்டு ஓடி வந்தவவின் மகன் திரும்பித் தண்ணீரில் போய்க் குடியிருப்பது கோபத்தைத் தராமல் வேறென்ன தரும் என்று நினைத்திருந்தேன்.

"றூபன், முதல்லை சாவியை எடுத்து என்ரை கையிலை தா," என்றாள் றஜீனா. "எனக்குப் பத்து விரலும் வேணும்."

எஞ்சினை நிறுத்தி, சாவியையும் பாதுகாப்புக் கயிற்றையும் அவளிடம் கொடுத்தேன். எஞ்சினைச் சரித்துத் தூக்கினோம். புறொப்பெல்லரில் ஆற்றுப்பாசியும் ஒரு பிளாஸ்ரிக் பையும் சுற்றியிருந்தன. அவள் அவற்றைக் கத்தரித்து எடுத்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது.

"சந்தோசப்படாதை. இது சுத்தினா புறொப்பெல்லர்தான் நிக்கும். உன்ரை கியர் லீவரே அரைவாசியிலை நிக்குது. அது வேறை வருத்தம், வேறை மருந்து."

பிறகு என்னைப் புறொப்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றச் சொல்லிவிட்டு, அவள் லீவரை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே கியர்ப் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் இப்படிச் சுற்றும்போது ஒன்றுக்குள் ஒன்று விழுந்துவிடும் என்றாள். பஸ்ஸோ படகோ, பல்லுக்குப் பல்தானாம். நான் சுற்றினேன், அவள் தள்ளினாள். லீவர் அதே இடத்தில் வந்து நின்றது. பின்பக்கம் இழுத்தால் மட்டும் சுகமாகப் போய் விழுந்தது.

"எதுக்கும் எண்ணெயையும் பாப்பம்."

கீழே ஒரு பழைய யோகட் கோப்பையைப் பிடித்துக்கொண்டு கியர்ப்பெட்டியின் திருகாணியைச் சற்றுத் தளர்த்தினாள். எனக்குப் பார்க்கப் பயமாக இருந்தது. தண்ணீர் புகுந்திருந்தால் எண்ணெய் பால்ரீ மாதிரி இருக்கும், பல் உடைந்திருந்தால் மினுமினுப்பாகத் தூள் வரும் என்று வரும்போதே சொல்லியிருந்தாள். இரண்டில் எது வந்தாலும் அன்றைக்குப் படகு அசையாது. எண்ணெய் தேன் நிறத்தில் சொட்டியது. விரலில் தொட்டுத் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கீழை ஒரு பிரச்சினையும் இல்லை. கள்ளன் மேலைதான் இருக்கிறான். எஞ்சின் மூடியைத் திறந்து பாத்தனியோ?"

"பாத்தனான். ஒண்டும் தெரியேல்லை."

"எப்பிடிப் பாத்தனி?"

"போன் லைற்றை அடிச்சு, மேலாலை."

"மேலாலை பாத்தா எனக்கும் ஒண்டும் தெரியாது. என்ரை மச்சாள்காறி சமைச்ச குழம்பும் மேலாலை பாக்க நல்லாத்தான் இருக்கும்."

மூடியைக் கழற்றினாள். லீவரோடு சேர்ந்து அசையும் சின்னக் கம்பி ஒன்று உள்ளே பக்கவாட்டில் கீழ்நோக்கிப் போனது. என்னை லீவரை ஆட்டச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கம்பிக்குக் கீழே இரண்டு விரலை விட்டுத் தடவினாள். தூறல் தொடங்கியது. கரையால் ஓடிப்போன ஒருவர் தன் நாய்க்கு எங்களைக் காட்டி ஏதோ சொன்னார்.

"நில்லு," என்றாள். "மெத்தெண்டு ஒண்டு படுது. இது எஞ்சினோடை வந்த சாமான் இல்லை."

குறட்டால் மெதுவாகப் பிடித்து இழுத்தாள். கட்டைவிரல் அளவு பொட்டலம் ஒன்று, எண்ணெய்க் கறுப்போடு வந்தது. கூடவே ஒரு நூல். ஓவரோலில் துடைத்தபோது அது பிளாஸ்ரிக் உறை என்று தெரிந்தது. காலை, மதியம், இரவு என்று ஆங்கிலத்தில் கட்டம் அச்சடித்த மருந்து உறை. அம்மா வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் உறை. எனக்குத் தூள் கட்டித் தருவதும் அதே உறையில்தான். இரவுக் கட்டத்துக்குள் அம்மாவின் சரிந்த எழுத்தில் "மடு" என்று எழுதியிருந்தது. உள்ளே மண்.

மடு மாதா கோயில் மண். மன்னார்ப் பக்கத்து எங்கள் ஆட்கள் அதை வீட்டில் வைத்திருப்பார்கள். பாம்புக்கு, கடலுக்கு, பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான் காவல். அம்மாவிடம் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் இருக்கிறது. யாருக்கும் இலேசில் கொடுக்கமாட்டா.

"கடைசியிலை உன்ரை அம்மா செய்து காட்டிப்போட்டா. படகை அசையவிடாமல் நிப்பாட்டிப்போட்டா," என்றாள் றஜீனா.

ஒரு கணம் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு நூலைப் பார்த்தேன். அதன் மற்ற நுனி எஞ்சினுக்குள் மேலே இருந்த ஒரு கொளுக்கியில் இன்னும் கட்டுண்டு இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. கெடுக்க வந்தவர் இவ்வளவு கவனமாகக் கட்டமாட்டார். எஞ்சின் அதிர அதிர நூல் நீண்டு, பொட்டலம் கீழே தொங்கி, கம்பி முன்னுக்குப் போகும் வழியில் வந்து மாட்டியிருக்கிறது. அவ்வளவுதான் நடந்தது.

றஜீனாவும் குனிந்து முடிச்சைப் பார்த்தாள். அவளுடைய குரல் தணிந்தது. "எங்கடை அப்பாவும் சொல்லுறவர். பேசாலையிலை மண்ணை எஞ்சின் மூடிக்குள்ளதான் கட்டுறதாம். ஆனா அந்தக் காலத்து எஞ்சினுக்குள்ள கோழியை அடைகாக்க வைக்கலாம், அவ்வளவு இடம். இதுக்குள்ள ஒரு முட்டையும் வைக்கேலாது." பொட்டலத்தை என் கையில் வைத்தாள். "இதாலைதான் நிண்டது எண்டு அவவுக்குச் சொல்லாதை. பாவம்."

அந்தச் சின்னப் பாரம் உள்ளங்கையில் இருந்தது. வரவே இல்லை என்று நினைத்திருந்த ஒருவர் வந்திருக்கிறார். நான் வேலைக்குப் போயிருந்த ஏதோ ஒரு நாளில், தண்ணீருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கைநீட்டி இந்த முடிச்சுகளைப் போட்டிருக்கிறார். இரண்டு வாரமாக அந்த மண் எஞ்சினுக்குள் கிடந்து நடுங்கியிருக்கிறதோ, ஐந்து மாதமாகவோ, தெரியாது. நான் தூங்கிய இரவுகளில் அது அங்கே இருந்திருக்கிறது என்பது போதுமாக இருந்தது.

உறை கிழியவில்லை. அதைப் படகின் முன்பக்கத்தில், கயிறு கட்டும் வளையத்துக்குக் கீழே, அம்மா போட்ட மாதிரியே மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். றஜீனா மூடியைப் பூட்டி, எஞ்சினைத் தண்ணீரில் இறக்கிவிட்டுச் சாவியைத் தந்தாள். சாவியைப் போட்டுக் கயிற்றை இழுக்க, எஞ்சின் இரண்டாம் இழுவைக்கே பிடித்தது. கரைக் கட்டை அவிழ்த்து, வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு லீவரை முன்னுக்குத் தள்ளினேன். டக் என்று விழுந்தது. படகு நேராக நகர்ந்தது.

"நன்றி, றஜீனா."

"நன்றியை வைச்சு நான் என்ன செய்யிறது. ரீ போடு."

போட்டேன். மழையில் நனைந்த பிளேன்ரீயை அவள் குறை சொல்லாமல் குடித்தாள். கரையோர மரங்கள் மஞ்சளாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஒரு நீர்க்கோழி வழிவிட்டது. பஸ்ஸின் அடியில் வாரம் முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு, கிடைத்த ஒரே ஓய்வுநாளில் என் எஞ்சினுக்குள் கைவிட்டவள், எண்ணெய்க் கையோடு என்னருகே இருந்தாள். லீ பிரிட்ஜின் நிழலுக்குள் நுழைந்து வெளியே வந்தபோது, இந்த ஆற்றில் எனக்கு இன்னும் பதினாலு நாள் இருந்தது.

"குடு இஞ்சை, நான் பிடிக்கிறன்," என்று சுக்கான் பிடியை வாங்கிக்கொண்டாள். "நீ போனை எடு."

மூன்றாவது மணியில் அம்மா எடுத்தா.

"சாப்பிட்டனியோ?"

"இல்லை. அம்மா, இந்த எஞ்சின் மூடியை எப்பிடித் திறந்தனீங்கள்?"

அவவின் அடுப்பில் ஏதோ தாளிக்கும் ஒலி கேட்டது.

"பின்னுக்கு ஒரு கொளுக்கி இருக்குதெல்லே. அதைத் தூக்கினா வரும். உன்ரை அம்மப்பாவின்ரை எஞ்சினிலையும் அப்பிடித்தான்." பிறகு கேட்டா, "ஏன், ஏதும் பழுதோ?"

சொல்லாதை என்று றஜீனா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ஒண்டும் இல்லை. மண்ணை எடுத்து முன்னுக்குக் கட்டியிருக்கிறன். நல்லா ஓடுது. எப்ப வந்தனீங்கள்?"

"நீ வாங்கின கிழமையே வந்தனான். நீ ஷிப்டிலை நிண்டாய். பிறகும் ரெண்டு தரம் வந்து கரையிலை நிண்டு பாத்திட்டுப் போனனான்."

"ஏன் உள்ளுக்கு வரேல்லை?"

"நல்ல கதை. அது உன்ரை வீடு. நீ ஒருநாளும் வாங்கோ எண்டு சொல்லேல்லையே. கூப்பிடாமல் எப்பிடி வாறது?"

ஐந்து மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்துப் பார்த்தேன். அவ சொல்வது சரி. நான் கோபம் என்று எண்ணிக்கொண்டிருந்தது, வாசலில் நின்று காத்திருந்ததாக இருந்திருக்கிறது. படகு முன்னுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அம்மா, நாங்கள் லீ பிரிட்ஜைத் தாண்டி, பஸ் ஸ்ரொப்புக்குக் கிட்டக் கட்டப் போறம். றஜீனாவும் நிக்கிறாள். நான் கரையிலை இறங்கி நிண்டு கை பிடிக்கிறன். தண்ணி அசையாது, நான் பாத்துக்கொள்ளுவன். இண்டைக்கு எங்கடை வீட்டை வந்து சாப்பிடுங்கோவன்."