சுருளி மொக்கச்சாமி, வயது பத்தொன்பது

1913 செப்டம்பர் 11, வியாழன். நேற்று எழுதியதில் ஒரு சிறு பிழை. "அன்னக்கொடி அக்காளின் கணவர் நேட்டாலில் வேறு கல்யாணம் செய்துகொண்டார்" என்று எழுதியிருந்தேன். அந்தக் கல்யாணம் அவருடையது இல்லை. வரியை அடித்துவிட்டேன், அடித்தது தெரியும்படியே விட்டிருக்கிறேன். இந்தக் கதை அந்த வரியிலிருந்துதான் வந்தது.

1

பகலில் நான் போடியில் ஏலக்காய் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியில் காய் தரம் பிரிக்கிறேன். மாலையில் மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் படிக்கிறேன். வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு கதை கேட்டார்கள். மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

அலைகள் ஆர்ப்பரிக்கும் டர்பன் துறைமுகத்தில் ஒரு மாலை நேரம், அந்தத் தமிழன்

(நான் கடலைப் பார்த்ததில்லை. விட்டுவிட்டேன்.)

ஆங்கிலிகன் சபையார் தங்கள் பதிவேடுகளைக் காக்கும் சிரத்தை யாதெனில்

(இது வாத்தியாரை மகிழ்விக்க எழுதியது.)

அன்னக்கொடி அக்காள் சாக்கின் மேல் உட்கார்ந்து சிரித்தாள்.

மூன்றாவது நிற்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பு கதையின் கடைசியில் வருவது. நீங்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

2

அன்னக்கொடி அக்காள் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறிப்பவள். கல்யாணமான வருடமே அவள் கணவர் மொக்கச்சாமி தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கரும்புக்காட்டு வேலைக்குக் கப்பல் ஏறினார். இருபத்தொரு வருடமாக ஒரு தகவலும் இல்லை.

தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப்போய் ஏலக்காய் இறக்கிவரும் பொதிக்கழுதைகளை ஓட்டுபவர் அழகுமலை. அக்காளும் அவரும் கட்டிக்கொள்ள நினைத்தார்கள். அவர்கள் சாதியில் ஒரு பெண் முதல் கல்யாணத்தைத் தீர்த்துவிட்டு மறுபடி கட்டலாம். அதற்குக் கணவன் நேரில் வந்து தாலியைத் திரும்ப வாங்க வேண்டும். அல்லது அவன் செத்த செய்தி வர வேண்டும். அல்லது அவனே வேறொருத்தியோடு குடும்பம் நடத்துவது தெரிய வேண்டும். இடையில் கடல் இருந்ததால் மூன்றும் நடக்கவில்லை.

(அழகுமலையைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. நான் எழுதும் அழகுமலை பொறுமையாகக் காத்திருக்கிறார். உண்மையான அழகுமலை கழுதைகளைக் கேட்கக் கூசும் வார்த்தைகளால் திட்டுவார். இரண்டு பேரையும் ஒரே ஆளாக்க எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் எழுதிவைக்கிறேன்.)

நேட்டாலில் நம் ஆட்கள் சிலர் ஆங்கிலிகன் சபையில் சேர்ந்திருப்பதாக வாத்தியார் சொன்னார். அவர் மூலமாக நான் மொக்கச்சாமியைப் பற்றிக் கேட்டு, டர்பனில் உள்ள அந்தச் சபையின் கோயிலுக்கு ஒரு கடிதம் எழுதினேன்.

3

பதில் போன மாதம் வந்தது. கோயிலின் கல்யாணப் பதிவேட்டில் போடிநாயக்கனூர் என்ற ஊர்ப்பெயர் உள்ள ஒரே பதிவை யாரோ நல்ல கையெழுத்தில் நகல் எடுத்து அனுப்பியிருந்தார்கள். இந்த வருடம் பிப்ரவரியில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளை என்ற இடத்தில் சுருளி, பக்கத்தில் மொக்கச்சாமி.

மொக்கச்சாமியின் தகப்பனார் பெயர் சுருளி. தகப்பன் பெயரை முன்னால் போட்டு அழைப்பதுதான் எங்கள் பழக்கம். "சுருளி மகன் மொக்கச்சாமி, பிப்ரவரியில் கல்யாணம்" என்று படித்துச் சொன்னேன். அக்காளின் தாய்மாமன் கன்னையன்தான் சாதியில் பெரியவர். அவர் அக்காளுக்கும் அழகுமலைக்கும் இந்த வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்தார்.

நேற்று மாலை அந்தத் தாளை என் நோட்டில் அழகாகப் படியெடுத்தேன். அப்போதுதான் ஓரத்தில் இருந்த எண் கண்ணில் பட்டது. மாப்பிள்ளையின் வயது 19.

மொக்கச்சாமிக்கு நாற்பது தாண்டியிருக்கும். மேலே பொடி எழுத்தில் இருந்த தலைப்புகளைப் படித்தேன். முதலில் மாப்பிள்ளை பெயர், அடுத்தது தகப்பன் பெயர். நான் தலைகீழாகப் படித்திருந்தேன்.

4

இன்று விடிந்ததும் மலை ஏறினேன். வழியில் இந்தக் கதைக்காக ஒரு வாக்கியம் தோன்றியது. "ஒரு தப்பான வாசிப்பு இரண்டு உயிர்களின்" என்று தொடங்கியது. வெட்கமாக இருந்தது. முடிக்கவில்லை.

காய் உலர்த்தும் களத்தில் மூன்று பேரும் இருந்தார்கள். சொன்னேன்.

"அப்ப கல்யாணம் பண்ணது வேற ஆளா?" என்றார் கன்னையன்.

"ஆமா அய்யா. சுருளின்னு ஒரு பையன்."

"அப்ப வெள்ளிக்கெழம சோலி இல்ல. ஊரு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?"

அழகுமலை கழுதையின் கயிற்றை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். "இருவத்தோரு வருசம் ஆச்சு. இன்னும் ரெண்டு வருசம் ஆனா என்ன, கழுத" என்றார். கழுதையைத்தான் சொன்னாரா என்று தெரியவில்லை.

அக்காள் என்னையே பார்த்தாள்.

"தம்பி, அந்தப் பய தகப்பன் பேரு என்ன போட்டிருக்கு?"

"மொக்கச்சாமி. போடிநாயக்கனூர்."

"பய பேரு சுருளி."

"ஆமாக்கா."

"எங்க மாமனார் பேரு சுருளி, தம்பி. தகப்பன் பேர மகனுக்கு வச்சிருக்கான்."

எனக்கும் என் தாத்தாவின் பெயர்தான். என்னோடு கிட்டங்கியில் வேலை செய்பவர்களுக்கும் அப்படியே. ஆனால் தாள் இங்கிலீஷில் இருந்ததால், அதற்குள் இருந்தவர்களும் எங்கள் வழக்கத்துக்கு வெளியே இருப்பதாக நினைத்துவிட்டேன்.

கன்னையன் விடவில்லை. "மகன் கல்யாணந்தான் எழுதியிருக்கு. இவன் அங்க ஒருத்தியக் கட்டுனதா எங்க எழுதியிருக்கு?"

"மகன் ஆகாசத்துலருந்தா விழுந்தான், மாமா?"

கன்னையன் வெற்றிலையைத் துப்பிவிட்டு விரலை மடக்கி எண்ணினார். "பத்தொம்பது வயசா? போன சூட்டோட கட்டியிருக்கான் பய."

"பெறகென்ன?" என்றார் அழகுமலை.

"பெறகென்ன. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழமதான்."

சாட்சிகளின் வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பன் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருந்ததையும் சொன்னேன். ஆக, பிப்ரவரியில் அவர் உயிரோடு நின்றிருக்கிறார்.

"உசுரோட இருக்கான்ல, அது போதும்" என்றாள் அக்காள். "செத்தான்னு சேதி வந்து அதுல நான் மால மாத்திருந்தா, நெஞ்சுல முள்ளு மாதிரி கெடந்திருக்கும்."

அழகுமலை சிரிக்கவில்லை. கழுதையின் முதுகிலிருந்த சாக்கை இறக்கிப்போட்டு, "உக்காரு" என்று மட்டும் சொன்னார். அவள் உட்கார்ந்தாள்.

"அந்தப் பயலுக்கு ஒரு மகன் பெறந்தா என்ன பேரு வப்பான்?"

"மொக்கச்சாமின்னு வைப்பாரு" என்றேன்.

"அப்ப இன்னும் இருவது வருசம் கழிச்சு, சுருளி மகன் மொக்கச்சாமிக்குக் கல்யாணம்னு எவனாச்சும் ஒரு தாளத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க வருவான், என் புருசன் வாலிபமாயிட்டான்னு."

நான் மூன்றாவது தொடக்கத்தில் எழுதிய சிரிப்பு இதுதான்.

5

முடிவு. மொக்கச்சாமி கப்பலில் திரும்பிவருவதாக ஒன்று எழுதினேன். யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. டர்பன் கோயிலில் ஒருவர் அந்தப் பக்கத்தைத் திருப்புவதாக ஒன்று எழுதினேன். அவர் முகம் தெரியாததால் நின்றுவிட்டது.

அக்காளின் கல்யாணத்தை நேட்டாலுக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுது, எழுதாம இரு. ஒன் இஷ்டம் அப்பு" என்றாள். பெருக்கல் குறி போட்ட அந்த மனிதருக்கு யாராவது அதைப் படித்துக் காட்டினால் அவர் என்ன செய்வார்? நான் எழுதினால் மறுபடி தலைகீழாகிவிடும். கீழே நான்கு வரி இடம் விட்டிருக்கிறேன். பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது பேனாவும் கூட வரும்.

.

.

.

.

நாளை வெள்ளி: கிட்டங்கியில் அரை நாள் லீவு சொல்ல வேண்டும். இரண்டு மாலை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, வெயில் ஏறுமுன் குரங்கணிக்குக் கொண்டுபோக வேண்டும்.