துண்டு மறைத்த வெளிச்சம்

கிள்ளானில் அந்த மருத்துவமனையின் இதய வார்டில் அன்று இருந்தவர்கள்: கட்டிலில் இராமலிங்கம், பக்கத்துக் கட்டிலில் ஜாபர் அலி, அவரைப் பார்க்க வந்த மகள் ஷபானா, தாதி லோகேஸ்வரி, கருவி பொருத்த வந்த பொறியாளர் யுகேந்திரன். இராமலிங்கத்தைப் பார்க்க வந்தவர் என்று யாரும் இல்லை.

"அங்கிள், இது வைஃபை இல்ல," யுகேந்திரன் அவர் நெஞ்சில் சிறிய வில்லையை ஒட்டியபடி சொன்னான். "புற ஊதா வெளிச்சம். கண்ணுக்குத் தெரியாது. உங்க இதயத் துடிப்ப சீலிங்ல இருக்கிற கருவிக்கு அனுப்பும். மத்த மெஷினுக்கு டிஸ்டர்ப் ஆகாது. மேல துணி மட்டும் போடாதீங்க லா. சிக்னல் கட்டானா இங்க மணி அடிக்கும், உங்க மகன் போனுக்கும் மெசேஜ் போயிடும்."

"அண்ணே, உங்க நெஞ்சுலேருந்து வெளிச்சம் வருதாம். எனக்கு வாயுதான் வருது," என்றார் ஜாபர் அலி.

இராமலிங்கம் சிரிக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் பல வருடம் தலைவராக இருந்தவர். கழுத்துப் பொத்தான் போடாமல் வாசற்படி தாண்டியதில்லை. ஷபானா மாதிரி ஒரு பெண்பிள்ளை எதிரே நிற்கையில் திறந்த மார்போடு படுத்திருப்பதா? யுகேந்திரன் போனதும் கரைபோட்ட துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

மணி அடித்தது. லோகேஸ்வரி ஓடிவந்து துண்டை விலக்கினாள். மேசையில் கைப்பேசி அதிர்ந்தது.

"அப்பா, நெஞ்சு வலிக்குதா? மெசேஜ் வந்துச்சு." சிங்கப்பூரிலிருந்து குரு. மூச்சு வாங்கியது. மகனின் குரலில் தனக்காக ஒரு பதற்றத்தை அவர் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

"ஒன்னுமில்ல. துண்டு மறைச்சிடுச்சு. சாப்பிட்டியாடா?"

"மீட்டிங்ப்பா. அப்புறம் கூப்பிடுறேன்."

கூப்பிடவில்லை. "மகன் வந்துக்கிட்டே இருக்கான்," என்று ஜாபர் அலியிடம் அவரே சொல்லிவைத்தார். மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஜாபர் அலியின் கட்டிலைச் சுற்றி மருமகன்களும் பேரப்பிள்ளைகளும் ரொட்டி சானாய் பொட்டலத்தைப் பிரித்தபோது, துண்டு மெல்ல மேலேறியது. மணி அடித்தது. குரு அழைத்தான், இந்த முறை மூச்சு வாங்கவில்லை. "துண்டாப்பா?" என்று மட்டும் கேட்டான்.

லோகேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "அங்கிள், வேணும்னா நானே உங்க மகனுக்கு போன் போட்டுத் தரேன். நாளைக்கு நெஜமாவே ஏதாச்சும் ஆனா, நாங்களும் துண்டுன்னு நெனச்சிடுவோம்."

"என் மகன்கிட்ட பேச எனக்கு ஒருத்தர் சிபாரிசு வேணுமாம்மா?" முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

அதற்கடுத்த நாளும் மணி அடித்தது. லோகேஸ்வரி நடந்துதான் வந்தாள். மேசையில் கைப்பேசி அசையாமல் கிடந்தது. அதையே பார்த்திருந்துவிட்டு, அவர் துண்டை எடுத்து நான்காக மடித்துத் தலைமாட்டில் வைத்தார். ஷபானா வந்தபோதும் அதை எடுக்கவில்லை. கூரையிலிருந்த கருவியைப் பார்த்தபடி திறந்த மார்போடு படுத்திருந்தார்.

மகனைப் பேசவைக்க இராமலிங்கம் வேண்டுமென்றே வெளிச்சத்தை மறைத்தார் என்று பிறகு கோயில் வட்டாரத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. அது உண்மையல்ல. வார்டில் ஏர்கோன் குளிர் அதிகம்.